நின்ன மிஷினுக்கு ஒரு குழி

உத்திரமேரூரை விட்டுக் காஞ்சிபுரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் இடது கையில் முகம்மது கௌஸ் பாயின் விறகுத் தொட்டி வரும். ஒரு தகரக் கொட்டகை, லாரி திரும்ப இடம், பின்னால் ஒரு வேப்பமரம். அதைச் சுற்றி மலை மலையாய்க் கட்டை. சவுக்கு ஒரு பக்கம், வேலிக்காத்தான் ஒரு பக்கம், யாருக்கும் கை வைக்க மனசு வராத புளியந்தூர்க்கட்டைகள் ஒரு பக்கம். கல்யாண மண்டபத்துக்கும் பிரியாணி மாஸ்டர்களுக்கும் செங்கல் சூளைக்கும் அங்கிருந்துதான் விறகு போகும். சமயத்தில் சுடுகாட்டுக்கும் போகும்.

அந்தத் தொட்டியில் கட்டை பிளக்கிறவர்கள் இரண்டே பேர். சொக்கம்மாள் ஒருத்தி, துரைராஜ் ஒருத்தன். சொக்கம்மாளுக்கு நாற்பத்தேழு வயசு, குள்ளமான உடம்பு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷன் செத்த பதினாறாம் நாள், அவன் சம்மட்டியையே எடுத்துக்கொண்டு வந்து, "எனக்கு வேற வேல தெரியாது பாய், இத்தயும் இனிமேதான் கத்துக்கணும்" என்று நின்றவள். துரைராஜ் அவளைவிட ஆறு வயசு சின்னவன், நெட்டையன். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு அதிகம் கிடையாது, கிண்டல்தான் அதிகம். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. இவன் ஒரு கட்டையில் கை வைத்தால் அவள் மறுமுனைக்குப் போய்விடுவாள். அவள் கை வைத்தால் இவன் போய்விடுவான். கூப்பிடுவதுமில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. சோறு பிசைகிற கை வாய்க்குப் போகிற மாதிரி அது பாட்டுக்கு நடக்கும்.

போன வருஷம் இரண்டு உடம்பும் ஒன்றாகக் கெட்டது. கார்த்திகை மாசம் புக்கத்துறை கூட்ரோட்டில் பைக்கோடு விழுந்து துரைராஜுக்கு வலது முட்டியில் பிளேட் வைத்தார்கள். நிற்பான், நடப்பான், பாரம்கூடத் தூக்குவான். கால் மட்டும் மடங்காது. தை மாசம் சொக்கம்மாளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். குனிவாள், குந்துவாள், உருட்டுவாள். கனம் மட்டும் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிஷனாகச் சொல்லிவிட்டாள்.

ஒருத்தனுக்கு மடங்கவில்லை, ஒருத்திக்குத் தூக்கக் கூடாது. இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை அதில்தான் இருக்கிறது.

ஆடி மாசத்தில் ஒரு நாள், பாயின் சம்சாரம் ஹசீனா டீ கிளாஸை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"சொக்கம்மா, மிஷின் வாங்கப் போறாரு. கட்ட பிளக்குற மிஷினு. ரெண்டு தினுசு கீதாம், எத்த வாங்குறதுன்னு ராவும் பகலும் செல்லுல அதயே பாத்துக்கினு கீறாரு. எனக்கு ஒரே பேஜாரு."

"ரெண்டு தினுசுன்னா இன்னா பாயம்மா?"

"ஒண்ணு படுத்துக்கினு கீது, ஒண்ணு நின்னுக்கினு கீது."

தொட்டியில் எல்லாருக்கும் அதுவே பேராகிவிட்டது. படுத்த மிஷின், நின்ன மிஷின். படுத்ததில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புத் தண்டவாளம். கட்டையைத் தூக்கி அதன்மேல் படுக்க வைக்க வேண்டும். பின்னாலிருந்து ஒரு உருளை தள்ளும், முன்னால் நிற்கிற ஆப்பில் போய்க் கட்டை பிளந்துகொள்ளும். ஆள் நிமிர்ந்து நின்றே வேலை பார்க்கலாம். நின்னதில் தரையோடு தரையாக ஒரு தகடு. கட்டையை உருட்டிக்கொண்டு போய் அதன்மேல் நிமிர்த்தினால் போதும், மேலேயிருந்து ஆப்பு இறங்கும். தூக்கவே வேண்டாம். ஆனால் தரையில் குந்தித்தான் கட்டையைப் பிடிக்க வேண்டும்.

ஹசீனா கிளாஸை வாங்கிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி அடுத்ததையும் சொன்னாள்.

"மிஷினு வந்தா ஒரு ஆளு போதும்னு சொல்றாரு. அடுக்குறதுக்கு லாரிப் பசங்க கீறாங்களாம். நான் சொன்னேன்னு சொல்லாத."

சொக்கம்மாள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கொட்டகைக்கு வெளியே சம்மட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த துரைராஜுக்கும் காது இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் கிண்டல் பேசவில்லை. படுத்த மிஷின் வந்தால் அவன். நின்ன மிஷின் வந்தால் அவள். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் பெரிய கஷ்டம்.

சொக்கம்மாளுக்கு வேறு போக்கிடமும் இல்லை. சூளையில் செங்கல் சுமக்கணும், நெல் மண்டியில் மூட்டை சுமக்கணும். சுமக்காத வேலை என்று அந்த ஊரில் அவளுக்குக் கிடைக்கக்கூடியது எதுவும் அவள் நினைவுக்கு வரவில்லை. துரைராஜுக்கு மட்டும் என்ன, நாற்று நட முடியுமா, களை எடுக்க முடியுமா, ஆட்டோ பிரேக்கைத்தான் மிதிக்க முடியுமா? அன்றைக்கு ராத்திரி அதையும் அவள் நினைத்தாள். நினைத்துவிட்டு, அடுத்தவன் பாட்டை அவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று திரும்பிப் படுத்தாள்.

அடுத்த வாரம் செங்கல்பட்டிலிருந்து ஜான்சன் என்கிற விற்பனைக்காரர் இரண்டு மிஷினையும் ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இஸ்திரி போட்ட சட்டை, புது ஷூ. தொட்டிக்குள் வந்த பத்தாவது நிமிஷம் ஷூ சட்டை எல்லாம் ஒரே நிறம்.

"பாய், ரெண்டுமே நல்ல பீஸுதான். டெமோ பாருங்க, எது ஒத்து வருதோ எடுத்துக்குங்க. ஒரே ஒரு ரூல் மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. லீவரைப் பிடிக்கிற ஆள்தான் கட்டையையும் பிடிக்கணும். இன்னொரு ஆளோட கை கிட்டவே வரக் கூடாது. லீவரை விட்டா ஆப்பு நிக்கும், பிடிச்சா இறங்கும். விரலுக்கும் விறகுக்கும் வித்தியாசம் அதுக்குத் தெரியாது."

பாய் தலையை ஆட்டினார். பிறகு சொக்கம்மாளைக் கூப்பிட்டார். மரத்தின் குணம் அவளுக்குத்தான் தெரியும் என்பது தொட்டியில் பேச்சு.

"சொக்கம்மா, மொத கட்ட நீயே எடுத்துக்கினு வா. நல்ல கட்டயா பாத்து எடு. புது மிஷினு, புளி கிளி வேணாம்."

இங்கேதான் எல்லாரும் ஒரு தப்புப் பண்ணினார்கள். விருந்தாளிக்கு நல்ல தட்டை எடுத்துப் போடுகிற புத்தி. ஊரில் யார் செய்தாலும் அப்படித்தான் செய்வார்கள். மிஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பாய் ஒரு பக்கம் பிஸ்மி சொல்லி, துரைராஜ் ஒரு பக்கம் கற்பூரம் காட்டி, கணு இல்லாத, கோடு போட்ட மாதிரி நேரான சவுக்குக் கட்டையாகப் பொறுக்கிப் பொறுக்கி முன்னால் வைத்தார்கள். சொக்கம்மாளும்தான் பொறுக்கினாள். சவுக்கைப் பிளக்க மிஷின் எதற்கு, கோடாலியைக் காட்டினாலே பிளக்கும். அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

படுத்த மிஷினில் துரைராஜ் நின்றான். இடது கையால் கட்டையைத் தூக்கி வைப்பான், வலது கை லீவரில். டப். அடுத்தது. டப். முட்டியை மடக்க வேண்டியதே இல்லை. விழுந்த நாளிலிருந்து அவன் முகத்தில் பார்க்காத ஒரு தெளிச்சியை அன்றைக்கு அவள் பார்த்தாள்.

"பாத்தியா அக்கா, வெண்ணெயில கத்தி போவுற மாரி கீது" என்றான்.

"வெண்ணெயத்தான வச்சு கீறோம்" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது.

நாற்பது கட்டை பிளந்தாகிவிட்டது. பாய் ஜான்சனைப் பார்த்துச் சிரித்தார். ஜான்சன் பையிலிருந்து பேப்பரை எடுத்தார். அந்த நேரத்தில் சொக்கம்மாள் வாயைத் திறந்தாள்.

"பாய், ஏரிக்கர லோடு இன்னா ஆவுது?"

உத்திரமேரூர் ஏரிக்கரை ஓரம் வெட்டிய மரங்களின் தூர்களைப் பாய் ஏலத்தில் எடுத்திருந்தார். புளி, வேம்பு, வேலிக்காத்தான். ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் மாதிரி. மிஷின் வாங்குகிற யோசனையே அந்த லோடைப் பார்த்து வந்ததுதான். சவுக்கைக் கண்ட சந்தோஷத்தில் அது மறந்துபோயிருந்தது.

"ஆமா இல்ல" என்றார் பாய். "ஒரு தூர்க்கட்டய எடுத்து வந்து வையேன்."

சொக்கம்மாள் போய் வேண்டுமென்றே ஒரு புளியந்தூரைத் தேர்ந்தெடுத்தாள். குவியலில் ஆகப் பெரிசு இல்லை, அதற்கு அடுத்தது. ஆகப் பெரிசை எடுத்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து படுத்த மிஷினின் காலடியில் விட்டுவிட்டு, நாலு அடி தள்ளி நின்றாள்.

துரைராஜ் அந்தக் கட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். புரிந்துகொண்டான். கெட்ட காலை நீட்டி, நல்ல காலில் பாரத்தைக் கொடுத்து, இடுப்பை வளைத்து, கட்டையில் கை வைத்தான்.

சொக்கம்மாளின் கால் தன்னால் கிளம்பிவிட்டது. ஒரு அடி, இரண்டு அடி. மறுமுனை அவளுக்காகக் காலியாக இருந்தது. மூன்றாவது அடியில் கொட்டகையின் இரும்புக் கால் கைக்கு வந்தது, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். துரு உள்ளங்கையில் குத்தியது. விடவில்லை.

அவன் தூக்கினான். முழங்கால் உயரம் வந்தது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. தண்டவாளத்துக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுமுனைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அங்கே யாரும் இல்லை. கட்டையை விட்டுவிட்டுத் தள்ளாடி நின்றான்.

"ஒத்த ஆளால முடியாது பாய்" என்றான்.

பிறகு நின்ன மிஷின். சொக்கம்மாள் அதே தூரை உருட்டிக்கொண்டு போய்த் தகட்டில் ஏற்றி, நிமிர்த்தி, குந்தி, லீவரைப் பிடித்தாள். மேலேயிருந்து ஆப்பு இறங்கியது. புளி கொஞ்சம் முனகியது. அப்புறம் நடுவில் சிவப்பாக விரிந்தது. ஜான்சன் கை தட்டினார்.

"துரை, நீயும் ஒரு வாட்டி குந்திப் பாரேன்" என்றாள் ஹசீனா. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

ஜான்சன் ஒரு முக்காலியைப் போட்டார். துரைராஜ் உட்கார்ந்தான். கெட்ட கால் நேராக மிஷினுக்கு முன்னால் போய் நீட்டிக்கொண்டது. கட்டை வர வேண்டிய வழியில் அவன் கால் கிடந்தது.

"கட்டய உட்டுட்டு என் கால வேணா பொளந்துக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

பாய் நின்ன மிஷினை எடுத்துக்கொண்டார். துரைராஜை மாசக் கடைசி வரைக்கும் அடுக்குகிற வேலையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். பாயும் கெட்டவரில்லை. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

வேலை அவளுக்கு வந்துவிட்டது. முதல் நாள் முழுக்க அவள் குந்தியபடியே இருந்தாள். இரண்டாம் நாளும். கட்டை குந்தியிருக்கிறவளின் கண் மட்டத்துக்கு நிற்கும். ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, கணு எங்கே இருக்கிறது என்று மேலேயிருந்து பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு கட்டைக்கும் எழுந்து பார்த்து, மறுபடி குந்த வேண்டியிருந்தது. சாயங்காலம் எழுந்தால் தொடை இரண்டும் தனியாக நடுங்கும். அடிவயிற்றில், தையல் போட்ட இடத்தில், ஒரு இழுப்பு.

மூன்றாம் நாள் மத்தியானம் சோறு தின்றுவிட்டுத் தகட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தபோது, ஓரிக்கையில் அவள் பிறந்த வீட்டுத் தறி ஞாபகத்துக்கு வந்தது. ஏக்கமாக எல்லாம் வரவில்லை. உயரம், ஆழம் என்று அளவாக வந்தது. அவளுடைய நைனா பட்டு நெய்கிறவர். தறி கிட்டத்தட்டத் தரையோடுதான் இருக்கும். ஆனால் நைனா குந்தவும் மாட்டார், குனியவும் மாட்டார். தறிக்கு முன்னால் ஒரு குழி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, வீட்டுத் தரையிலேயே நாற்காலி போட்டவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். வேலையைத் தூக்கி ஆளுக்குக் கொண்டுவரவில்லை. ஆளை இறக்கி வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

இந்தத் தகட்டுக்கு முன்னாலும் ஒரு குழி வெட்டினால் போதும். அதற்குள் நின்றால் கட்டை தொடை மட்டத்துக்கு வந்துவிடும். தூக்க வேண்டாம், குந்தவும் வேண்டாம். ரேகையும் தெரியும்.

யோசனை இவ்வளவு சுளுவாக வந்ததில் அவளுக்கு முதலில் சந்தோஷம்தான். உடனே அடுத்தது புரிந்தது. குழி வந்துவிட்டால் முட்டி மடங்காதவனும் நிற்கலாம். பாய்க்கு ஒரு ஆள்தான் வேண்டும். நெட்டையாய், பலமாய், வயிற்றில் தையல் இல்லாமல் ஒரு ஆம்பளை நிற்க முடியும் என்றால், தன்னை எதற்கு வைத்துக்கொள்ளப்போகிறார்?

கையைக் கழுவிக்கொண்டு போய்க் குந்தினாள். யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் நாளும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் துரைராஜ் பக்கத்தில் வந்து பிளந்த விறகை அள்ளிக்கொண்டே கேட்டான்.

"அக்கா, இடுப்பு ரொம்ப வலிக்குதா?"

"ஏன், நீ வந்து அமுக்கி வுடப்போறியா?"

"இல்ல, எய்ந்துக்கும்போது கழுத மாரி கத்துற, அதான் கேட்டேன்."

"கழுதயாவது வேல செய்யிது. நீ போய் அடுக்கு."

பழைய கிண்டல்தான். ஆனால் இரண்டு பேரும் கண்ணைப் பார்க்காமல் பேசினார்கள். அந்தப் புளியந்தூரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கேட்கவில்லை.

ஏழாம் நாள் காலையில் ஒரு வேப்பந்தூர் வந்தது. அடி சரிவாக வெட்டப்பட்டது. தகட்டில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. சொக்கம்மாள் இடது கையால் தாங்கிக்கொண்டு லீவரைப் பிடித்தாள். ஆப்பு இறங்க ஆரம்பித்தது. கட்டை அசைந்தது.

துரைராஜ் ஒரு கட்டு விறகோடு அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான். கட்டை சாய்வதைப் பார்த்தான். அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷப் பழக்கம். விறகைப் போட்டுவிட்டு, மடங்காத காலோடு அப்படியே மேலிருந்து கவிழ்ந்து, மறுமுனையில் கை வைத்துவிட்டான். ஆப்பு இறங்குகிற இடத்துக்கு நேர் கீழே, வேப்பந்தூரின் தலைமேல் நாலு விரல்.

சொக்கம்மாள் லீவரை விட்டாள். ஆப்பு நின்றது. விரலுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியை நுழைக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி.

இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. துரைராஜ் கையை எடுத்துத் தன் விரலை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"இன்னாடா பண்ண நீ?" என்றாள் அவள். "கை வெக்கக் கூடாதுன்னு அந்தாளு சொன்னான்ல?"

"கட்ட சாஞ்சிது அக்கா."

"சாஞ்சா சாயட்டும். உனுக்கு இன்னா?"

"நீ கை வச்சிக்கினு இருந்த" என்றான் அவன். அவனுக்கு வேறு காரணம் தெரியவில்லை.

கொட்டகையிலிருந்து பாய் ஓடிவந்தார். அவர் வந்த வேகத்தில் தலைக்குல்லா கீழே விழுந்தது. பயம் கோபமாக மாறியது.

"அரே, உனக்கு அறிவு கீதா? கை போயிருந்தா யாரு பதில் சொல்றது? உன் பொண்டாட்டி மூஞ்சில எப்பிடி முயிப்பேன்? வாணாம் துரை, மாசக் கடைசி வரிக்கும் வாணாம். இன்னியோட நின்னுக்க. நீ இங்க கீற வரிக்கும் அந்தக் கை சும்மா இருக்காது."

துரைராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சிதறிய விறகை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். போகிறவன் போட்ட விறகைப் பொறுக்கிவிட்டுத்தான் போவான், அப்படிப்பட்டவன். அவன் பொறுக்கி முடிக்கிறவரைக்கும்தான் சொக்கம்மாளுக்கு நேரம் இருந்தது. அவளுக்கு அது தெரிந்தும் இருந்தது.

கடைசி விறகை அவன் எடுத்தான்.

"பாய்" என்றாள் அவள். "இங்க ஒரு குழி வெட்டணும்."

"இன்னாது?"

"குழி. மிஷினுக்கு முன்னால. எங்க நைனா வூட்டுத் தறிக்கு இருக்கும். அதுக்குள்ள ஆளு நின்னுக்கினா கட்ட தொட மட்டுக்கு வரும். குந்த வாணாம், தூக்க வாணாம், கட்டயோட தலையும் தெரியும். குனியாத நின்னாலே போதும்." நிறுத்தினாள். "துரையும் நிக்கலாம்."

பாய் மிஷினைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஹசீனா முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"மழ பேஞ்சா தண்ணி நிக்குமே சொக்கம்மா?"

"தறிக்குழியிலயும் நிக்கும் பாயம்மா. மொண்டு ஊத்திட்டு நெய்வோம்."

"குழிக்குள்ள கீறவன் ஒவ்வொரு கட்டக்கும் மேல ஏறிப் போயி உருட்டிக்கினு வருவானா?" பாய் கேட்டார்.

"வர முடியாது. மேல ஒரு ஆளு உருட்டிக்கினு வந்து வெக்கணும்."

"அப்ப ரெண்டு ஆளு வேணுமே!"

"ஆமா பாய்" என்றாள் சொக்கம்மாள். "ரெண்டு ஆளு வேணும்."

ஹசீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சொக்கம்மாள் சிரிக்கவில்லை. அந்த விஷயமும் அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. நாலு நாளாகக் குழியை நினைத்தபோதெல்லாம் அதில் நிற்கிற ஆளை மட்டும்தான் நினைத்திருந்தாள். யார் நிற்பது என்கிற பயத்தில், யார் உருட்டுவது என்பது தோன்றவே இல்லை.

பாய் தாடியைத் தடவிக்கொண்டே தூர்க் குவியலைப் பார்த்தார். ஏரிக்கரை லோடில் பாதிகூடக் குறையவில்லை. ஒரு வாரத்தில் சொக்கம்மாள் பிளந்தது இரண்டு பேர் சம்மட்டியில் பிளந்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதுவும் அவருக்குத் தெரியும்.

"ஏரி லோடு முடியிற வரிக்கும் பாப்போம்" என்றார். "அப்பறம் அல்லா வுட்ட வழி. ஆனா கைய வச்சான்னா..."

"வெக்க மாட்டான். நான் பாத்துக்கறேன்."

மறுநாள் துரைராஜே கடப்பாரையை எடுத்தான். நின்றுகொண்டு செய்கிற வேலை, அவனுக்குத் தோது. செம்மண் மேலாக இளகி, ஒரு முழத்துக்குக் கீழே கெட்டியாக வந்தது. பின்பக்கம் படி வைக்காமல் சரிவாக வெட்டிக்கொண்டான், காலை இழுத்துக்கொண்டு இறங்க அதுதான் வசதி. கட்டை குழிக்குள் உருண்டு விழாமல் இருக்க ஓரத்தில் இரண்டு கருங்கல். தொடைக்குப் பாதி வந்ததும் கடப்பாரையைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அக்கா, இறங்கு. அளவு பாக்கணும்."

அவள் இறங்கினாள். அவள் உயரத்துக்குக் கச்சிதமாக இருந்தது. தகடு கைக்கு எட்டியது, லீவர் நெஞ்சு மட்டத்தில் இருந்தது. இதோடு நிறுத்தினால் குழி அவளுடையது. அவன் நின்றால் முதுகை வளைத்துத்தான் நிற்க வேண்டும். நாலு நாளில் இடுப்பு போய்விடும்.

"சரியா கீதா?" என்றான் அவன். கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

"நீ இறங்கு" என்றாள்.

அவன் இறங்கி நின்றான். அவள் கைச்சாணால் அவன் தொடைக்கும் தகட்டுக்கும் அளந்தாள்.

"இன்னும் ஒரு சாண் வெட்டு."

"அப்ப உனுக்கு ஆழமாயிடுமே. தல மட்டும் தெரியும், தவள மாரி."

"எனுக்கு ரெண்டு பலகையப் போட்டு மேல ஏறி நின்னுக்கறேன். உனுக்கு எத்தப் போட்டுக் குட்டையாக்குறது? வாயப் பாக்காத வெட்டு, வெயிலு ஏறுது."

அவன் வெட்டினான். பழைய பலகை இரண்டை அவள் தேடி எடுத்துவந்து குழிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள், அவளுடைய முறை வரும்போது போட்டுக்கொள்ள. காலையில் ஒருத்தர், மத்தியானத்துக்கு மேல் ஒருத்தர் என்று பேச்சு. மேலே நிற்கிற முறையில் அவன் கடப்பாரையால் நெம்பி உருட்டிக்கொள்வான்.

முதல் முறை அவனுடையது. பாய் வந்து நின்றார், ஹசீனா வந்து நின்றாள். இந்த முறை யாரும் சவுக்கைத் தேடவில்லை. குவியலில் மேலாக என்ன இருந்ததோ அதுதான்: சோதனை நாளில் அவள் விட்டுவைத்தாளே, அந்த ஆகப் பெரிய புளியந்தூர். சொக்கம்மாள் அதை உருட்டிக்கொண்டு வந்து தகட்டில் ஏற்றி நிமிர்த்தினாள். துரைராஜ் குழியிலிருந்து கட்டையின் தலையைப் பார்த்து, கணு அந்தப் பக்கம் போகும்படி ஒரு திருப்புத் திருப்பினான். லீவரில் கை வைத்தான். வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

அவள் கை இன்னும் கட்டைமேல் இருந்தது. எடுக்கணும் என்று தெரிகிறது, எடுக்க வரவில்லை. மறுமுனையை விட்டுப் பழக்கமில்லாத கை.

எடுத்தாள். இரண்டு கையையும் அவன் கண்ணுக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டி, இரண்டு அடி பின்னால் போய் நின்றாள்.

"வுட்டேன்" என்றாள்.

அவன் லீவரை அழுத்தினான்.